தும்பிக்கை வைத்த லை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். இதுவரை எழுதியதில்லை.

நான் பிறந்தது 1976. வளர்ந்ததெல்லாம் சிங்கப்பூரின் தோ பாயோவில். நான் படித்த தொடக்கப்பள்ளியை எப்போதோ இன்னொரு பள்ளியோடு இணைத்துவிட்டார்கள். முதலில் பெயர் போயிற்று, பிறகு கட்டடமும் போயிற்று. இரண்டு மாதத்துக்கு முன் பழைய மாணவர்கள் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். அதில் வரும் படங்களைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. ஒரு கட்டடத்துக்காக ஐம்பதை நெருங்கும் ஆள் அழலாமா என்று மனைவி கேட்கிறாள்.

நினைவில் இருந்ததை எல்லாம் ஆறு பக்கம் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். லோரோங் 6 தெருவின் டிராகன் விளையாட்டிடம், கால்வாயோரம் குந்திப் பல் துலக்கியது, ரப்பர் வளையங்களைக் கோத்துத் தாண்டியது, இந்திய முஸ்லிம்களின் மாமாக் கடை, எல்லாம் அதில் இருக்கிறது. இனம் மொழி பார்க்காமல் ஒரே குடும்பமாக வாழ்ந்த காலம் அது. இன்றைய பிள்ளைகள் தலை நிமிராமல் கைப்பேசிக்குள் கிடக்கிறார்கள்.

இதைப் புத்தகமாக்க ஆசை. ஆனால் பெரிதாக ஒன்றும் நடக்காத பிள்ளைப்பருவம் எனக்கு. அதை எழுதலாமா? எழுதினால் எந்த மொழியில் எழுதுவது? என் பிள்ளைகள் இருவரும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் அவர்களாவது படிப்பார்கள். தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள் என்று தெரியவில்லை.

அன்புடன்,
கே.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. அன்று காலைதான் புத்தக அலமாரியைக் காலி செய்து ஒவ்வொன்றாகத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். அடித்தட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு மெலிந்த சிறுவர் கதைப் புத்தகம் வந்தது. அட்டை பாதிதான் இருக்கிறது. முதல் பக்கத்தில் ஊதா மையில் ஒரு தமிழ்ப் பள்ளியின் முத்திரை. நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிப்பதற்கு முன்பே மூடப்பட்ட பள்ளி அது. பின்னட்டைக்குள் ஒட்டியிருக்கும் தாளில், 1963-இல் அதை இரவல் வாங்கிய மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் பெயர் மங்கலாக இருக்கிறது. துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது என் புத்தகம் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று மாலை உங்கள் ஆறு பக்கம் வந்தது.

கட்டடத்துக்காக அழலாமா என்றால், தாராளமாக அழுங்கள். நான் வளர்ந்தது தங்ளின் ஹால்ட்டின் பத்து மாடி பிளாக் ஒன்றில். அக்கம்பக்கத்துச் சீனர்கள் அவற்றை ‘சாப் லாவ்’ என்பார்கள். அவர்கள் பேசும் ஹொக்கியன் மொழியில் பத்து மாடி. 2014-இல் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அந்த வட்டாரத்தின் 31 பிளாக்குகளை, 3,480 வீடுகளை, இடித்துக் கட்டுவதற்காக மொத்தமாக எடுத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தபோது எங்கள் குடும்பம் அங்கிருந்து வெளியேறி இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், அவர் வளர்ந்த இடம் இன்னும் நிற்கிறது போலிருக்கிறது.

கைப்பேசிப் பேச்சை விடுங்கள். நம் அம்மாக்கள் நம்மைத் தொலைக்காட்சியைச் சொல்லித் திட்டினார்கள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஆறு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். அதில் பெரும்பாலானவை உங்களுடையவை இல்லை. கால்வாயோரம் வரிசையாகக் குந்தி, பிளாஸ்டிக் குவளையும் தூரிகையுமாக, டீச்சர் எண்ண எண்ணப் பல் துலக்கியதை நம் வயதுக்காரர் ஒவ்வொருவரும் சொல்லியாகிவிட்டது. டிராகன் விளையாட்டிடம் 1979-இல் கட்டப்பட்டது, அதைப் படம் எடுக்காத ஆளே இல்லை. அஞ்சல்தலையில் அச்சிடுகிற படம் மாதிரி ஆகிவிட்டது அது. நீங்கள் அதில் விளையாடினீர்களா, விழுந்தீர்களா, அதன் மணலில் எதையாவது தொலைத்தீர்களா என்று உங்கள் பக்கத்தில் ஒரு வரி இல்லை. ‘இனிமையான நினைவுகள்’ என்று மட்டும் இருக்கிறது.

நான்காம் பக்கத்தில் ஓர் இடத்தில் நின்றேன். உங்கள் அம்மா காலையில் உங்கள் கைக்குட்டையின் முனையில் முப்பது காசை முடிந்துவிடுவார், முடிச்சு இறுகிப்போய் அவிழ்க்க முடியாமல் சிற்றுண்டிச்சாலை அக்காவிடமே கைக்குட்டையோடு நீட்டுவீர்கள், அவர் பல்லால் அவிழ்த்து மீதியை மறுபடி முடிந்து தருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுடையது. அதை எழுதிய ஆளிடம்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே குடும்பமாக வாழ்ந்தோம் என்கிறீர்கள். எப்படி வாழ்ந்தீர்கள் என்று சொல்லுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கும் என் அம்மாவுக்கும் இடையே மொத்தம் நாற்பது ஐம்பது பசார் மலாய், அதாவது சந்தை மலாய்ச் சொற்கள்தான் இருந்தன. ‘சுடா மக்கான்?’ (சாப்பிட்டாச்சா?) என்று ஒருவர் கேட்பார், ‘சுடா’ (ஆச்சு) என்று மற்றவர் சொல்வார். அம்மா தாழ்வாரத்தில் மிளகாய் காயப்போட்டால் பாட்டிக்குத் தும்மல் வரும். பாட்டி சீனர்களின் ஏழாம் மாதத்தில் முன்னோருக்குக் காகிதம் எரித்தால் எங்கள் கொடியில் காயும் துணியில் கரி விழும். இரண்டுக்கும் சண்டை வந்திருக்கிறது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் பாட்டி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நிற்பார். இத்தனைக்கும் அந்த நாற்பது சொல்தான். அந்தப் பாட்டியின் பேரன் என் வகுப்பில் படித்தான். சீனர்கள் ஹொக்கியன் போன்றவற்றை விட்டு மாண்டரின் பேசவேண்டும் என்று அரசாங்கம் 1979-இல் மாண்டரின் பேசுங்கள் இயக்கத்தைத் தொடங்கியபிறகு அவனை வீட்டிலும் மாண்டரினில் பேசச் சொன்னார்கள். பாட்டிக்கு ஹொக்கியன் மட்டும்தான் தெரியும். பள்ளியில் சீன மொழி வகுப்புக்கு அவன், எங்களைப் போல வேறு அறைக்குப் போக, இடத்தைவிட்டு எழவேண்டியதில்லை. அதனால் அவனுக்கு அது சொந்த வீடு மாதிரி இருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தன் பாட்டி பேசாத மொழியை அவனும் அங்கே புதிதாகத்தான் கற்றுக்கொண்டிருந்தான் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

இப்போது நான் கேட்கவந்ததைக் கேட்கிறேன். தம்பி, ஆறு பக்கத்தில் உங்கள் தமிழ் வகுப்பு எங்கே?

பள்ளி மணி இருக்கிறது. திடல் இருக்கிறது. கொடியேற்றம், உறுதிமொழி, கணக்கு டீச்சரின் பிரம்பு எல்லாம் இருக்கிறது. மீ சியாம் நூடுல்ஸுக்கு அரைப் பக்கம். தமிழுக்கு ஒரே ஒரு வரி: ‘தமிழ் சார் மிகவும் நல்லவர்.’ எந்தத் தமிழ் சார்? எப்படி இருப்பார்? எந்த அறையில் பாடம் எடுத்தார்? உங்களோடு யார் யார் உட்கார்ந்தார்கள்? ஆறு வருடம் வாரத்துக்குப் பல தடவை நடந்த ஒன்றுக்கு நான்கு சொல் எழுதிவிட்டு, எந்த மொழியில் புத்தகம் போடட்டும் என்று என்னிடம் கேட்கிறீர்கள். படித்தபோது கோபம் வந்தது. இப்போதும் முழுதாகப் போகவில்லை.

உங்களை மட்டும் சொல்லவில்லை. நம் ஊரில் தமிழர்கள் எழுதும் பள்ளி நினைவுகள் எதை எடுத்தாலும் இப்படித்தான் இருக்கிறது. சீன நண்பன் எழுதுகிற அதே நினைவை நாமும் எழுதுகிறோம். அவன் பார்க்காத ஒன்றை நாம் பார்த்தோம். அவன் நடக்காத ஒரு நடையை நாம் நடந்தோம். அதை நாமே விட்டுவிட்டால் அது எங்கும் இருக்காது.

நான் தொடக்கநிலை 1-இல் சேர்ந்தது 1978. வகுப்பில் நாற்பது பேர். தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேர். தாய்மொழிப் பாட நேரம் வந்ததும் டீச்சர் கையைத் தட்டுவார். மூன்று நாற்காலி பின்னால் நகரும். மலாய்ப் பிள்ளைகள் ஆறேழு பேரும் எழுவார்கள். வாசல் வரைக்கும் ஒன்றாகப் போவோம். அவர்கள் இடப்பக்கம் போவார்கள், நாங்கள் வலப்பக்கம். மற்றவர்கள் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தேடி ஆசிரியர் வருவார். நாங்கள் ஆசிரியரைத் தேடிப் போவோம்.

அந்தத் தாழ்வாரத்தில் நடக்கும்போது மற்ற வகுப்புகளின் வாசல்களிலிருந்தும் ஒருவர் இருவராக வந்து சேர்ந்துகொள்வார்கள். மாடிப்படி முடியும்போது பதினெட்டு இருபது பேர் ஆகிவிடுவோம். காலையிலிருந்து வகுப்பில் வாய் திறக்காமல் இருந்த பிள்ளைகள் அந்தப் படிக்கட்டில் கூச்சல் போடும். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்கும்.

எங்கள் அறை சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால், விளையாட்டுச் சாமான் வைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ரப்பர் பந்து வாடையும் பொரித்த மீன் வாடையும் சேர்ந்து வரும். இன்றைக்கும் எங்காவது அந்த இரண்டு வாடையும் சேர்ந்து அடித்தால் எனக்குத் தமிழ்ப் பாடம் ஞாபகம் வருகிறது. அறை ஒன்று, ஆசிரியர் ஒருவர், வகுப்பு இரண்டு. இடப்பக்கம் தொடக்கநிலை மூன்று, வலப்பக்கம் நான்கு. சார் கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுவார். இந்தப் பக்கத்துக்குச் சொல்வதெழுதுதல் கொடுத்துவிட்டு அந்தப் பக்கத்துக்குச் செய்யுள் நடத்துவார். அதனால் தொடக்கநிலை நான்கின் செய்யுள் எல்லாம் எனக்கு ஒரு வருடம் முன்னதாகவே மனப்பாடம்.

அவர் தமிழ்ப் பள்ளியில் படித்து, தமிழ்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, அவரைப் போன்றவர்கள் ஆங்கிலப் பள்ளிகளுக்கு இரண்டாம் மொழி ஆசிரியர்களாக வந்தார்கள். முன்பு கணக்கும் வரலாறும் அறிவியலும் தமிழிலேயே நடத்தியவர், இப்போது சாமான் அறைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ‘அணில், ஆடு, இலை’ நடத்திக்கொண்டிருந்தார். ஒரு நாளும் அதைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை, சாக்குக்கட்டி வைக்க ஒரு பழைய பற்பொடி டப்பா. எல்லா நாளும் அப்படியேதான் வருவார்.

அறைக்குப் பின்னால் சற்றுத் தள்ளி ரயில்பாதை. தஞ்சோங் பகாரிலிருந்து மலேசியாவின் ஜொகூர் போகும் மலாயா ரயில். தங்ளின் ஹால்ட் என்ற பெயரே அந்த ரயில் நின்று போன சிறு நிறுத்தத்தால் வந்ததுதான். ரயில் போகும்போது ஒன்றும் கேட்காது. சார் சாக்குக்கட்டியைப் பலகையில் வைத்தபடி அப்படியே நிற்பார். ‘போகட்டும், அவருக்கு ஜொகூருக்கு நேரமாச்சு’ என்பார். கடைசிப் பெட்டி போனதும், எந்த எழுத்தில் நிறுத்தினாரோ அதே எழுத்திலிருந்து தொடர்வார்.

அப்போது ‘லை’ வேறு மாதிரி இருக்கும். உங்களுக்குப் பழக்கம் இருக்காது, நீங்கள் பள்ளிக்கு வந்தபோது மாறிவிட்டிருக்கும். முன்னால் இணைக்கொம்பு போடமாட்டோம். ல-வின் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு ஏறும். லை, ணை, ளை, னை நான்குக்கும் அப்படித்தான். அவற்றோடு றா, ணா, னா போன்றவையும் சேர்த்து 13 எழுத்துகளைத் தமிழ்நாட்டில் 1978-இல் மாற்றினார்கள். இங்கே பாடப்புத்தகங்களுக்கு அது வந்து சேர மேலும் சில வருடம் ஆனது. நாங்கள் தும்பிக்கை போட்டுத்தான் கற்றோம். தும்பிக்கையை யார் அழகாகப் போடுகிறார்கள் என்று எங்களுக்குள் போட்டி நடக்கும்.

அதில் எப்போதும் ஜெயிப்பவன் என் வகுப்புப் பையன். மூன்று பேரில் ஒருவன், எங்கள் பிளாக்கிலேயே ஐந்தாம் மாடி. அவன் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். ஒரு செய்யுளை ஒரு தடவை கேட்டால் போதும், சொல்லிவிடுவான். சார் இல்லாத நேரத்தில் இரண்டு பக்கத்துக்கும் கதை சொல்லி அடக்கி உட்காரவைப்பான். தொடக்கநிலை நான்குப் பிள்ளைகளும் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள். ஆனால் ஆங்கிலம் அவனுக்கு ஏறவில்லை. கணக்கும் ஆங்கிலத்தில் இருந்ததால் அதுவும் ஏறவில்லை. எங்கள் வகுப்பறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற பையனும், படிக்கட்டு இறங்கியபின் வருகிற பையனும் ஒரே ஆள் என்று சொன்னால் எங்கள் வகுப்பு டீச்சர் நம்பியிருக்க மாட்டார்.

1979-இல் துணைப் பிரதமர் டாக்டர் கோ கெங் சுவீ தலைமையிலான குழுவின் கல்வி அறிக்கை வந்தது. அதன்படி தொடக்கநிலை மூன்றின் முடிவில் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். சாதாரண இருமொழி, கூடுதல் வருடம் எடுக்கும் நீட்டிக்கப்பட்ட இருமொழி, ஒருமொழி. அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு மொழியையும் சமாளிக்க முடியாமல், ஒன்றிலும் எழுதப் படிக்கத் தெரியாமல் பிள்ளைகள் பள்ளியைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு மொழியாவது உருப்படியாக வரட்டும் என்று நினைத்தார்கள். இன்றைக்கு வளர்ந்த ஆளாக அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது வேறு. அவனை ஒருமொழிப் பிரிவில் போட்டார்கள். அந்த ஒரு மொழி ஆங்கிலம். தாய்மொழி பேச்சளவில் நின்றுவிடும். எங்கள் அறைக்கு அவன் வரவேண்டியதில்லை.

எங்கள் பள்ளியிலேயே தமிழில் முதலாவதாக வந்த பையன். அவனுக்குத் தமிழ் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அவனுக்கு வராத மொழியை மட்டும் அவன் படிக்க வேண்டும்.

அந்த வருடக் கடைசி வெள்ளிக்கிழமை அவன் அம்மா குவீன்ஸ்வே பக்கம் இருந்த முனீஸ்வரர் கோயிலில் சாரைப் பிடித்துக்கொண்டார். ரயில்வே வேலையாட்கள் 1932-இல் பாதையோரம் வைத்துக் கும்பிட ஆரம்பித்த கோயில். பிற்பாடு 1998-இல்தான் காமன்வெல்த் டிரைவுக்குப் புதுக்கட்டடமாகப் போனது. நானும் அம்மாவும் பிரசாதத்துக்கு நின்றுகொண்டிருந்தோம். ‘நல்லாப் படிக்கிறான்னு நீங்கதானே சார் சொன்னீங்க?’ என்று அந்த அம்மா கேட்டார். குரலை உயர்த்தவில்லை. சார் ‘ஆமாம்மா’ என்றார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மறுபடியும் ‘ஆமாம்மா’ என்றார்.

அடுத்த வருடம் தாழ்வாரத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் நடந்தோம். அவனுடைய புது வகுப்பு அதே தாழ்வாரத்தில் இருந்தது. நாங்கள் கடக்கும்போது ஜன்னல் வழியாகத் தெரிவான். முதல் சில நாள் எங்களைப் பார்த்தான். பிறகு நாங்கள் வரும் நேரம் தெரிந்து புத்தகத்துக்குள் குனிந்துகொண்டான். நானும் மெதுவாக நடப்பதை விட்டுவிட்டேன். பிள்ளைகள் அப்படித்தான். ஒரே பிளாக்கில் இருந்தும் எங்கள் பேச்சு குறைந்துபோனது.

1982 கடைசியில் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப் பள்ளி அதுதான். நான் அப்போது தொடக்கநிலை ஐந்தில் இருந்தேன், எனக்கு அதன் பொருள் தெரியாது. சார் அந்த வாரம் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தான் முன்பு வேலை பார்த்து மூடப்பட்ட பள்ளியின் நூலகப் புத்தகங்கள், இத்தனை வருடம் வீட்டில் வைத்திருந்திருக்கிறார். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். வகுப்பு முடிந்து போகும்போது என்னை மட்டும் நிறுத்தி இன்னொரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். ‘ஐந்தாம் மாடிக்காரன்கிட்ட குடுத்துடும்மா’ என்றார்.

நான் கொடுக்கவில்லை.

ஏன் என்று இன்று சரியாகச் சொல்ல முடியவில்லை. எனக்குக் கிடைத்த புத்தகத்தைவிட அதில் படங்கள் நன்றாக இருந்தன. படித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று வைத்தேன். அப்புறம், அவன் வாசலில் போய் நின்று தமிழ்ப் புத்தகத்தை நீட்டுவது ஏதோ அவனைக் காயப்படுத்துவது மாதிரி இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பள்ளி விடுமுறை வந்தது. மறந்துபோனேன். எனக்கென்று சார் கொடுத்த புத்தகம் எந்த வீடு மாறியபோதோ தொலைந்துவிட்டது. இது தொலையவில்லை. அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது இதுதான்.

அவனை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை சரியாகப் பார்த்துப் பேசினேன். 2011 ஜூன் 30, தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்ட இரவு. பாதையோரம் எங்கும் கூட்டம். நான் தங்ளின் ஹால்ட் பக்கம் போய் நின்றேன். அவன் தன் மகளோடு வந்திருந்தான். அப்பா உயிரோடு இருந்திருந்தால் கூட்டி வந்திருப்பேன் என்றான். பொருள் ஏற்றும் வண்டி ஓட்டுகிறான், ஜூரோங் வெஸ்ட்டில் வீடு. நான் கதை எழுதுவது அவனுக்குத் தெரிந்திருந்தது. ‘படிச்சியா?’ என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ‘பொண்ணு படிச்சுக் காட்டுவா. எனக்கு அந்தப் புது லை, னை எல்லாம் வந்தா தடுக்குது. நம்ம லைக்குத் தும்பிக்கை இருக்கும்ல?’ என்று விரலால் காற்றில் போட்டுக் காட்டினான். வளைவு ஏறி இறங்குகிற இடம் அச்சாக அப்படியே இருந்தது. அந்தப் பெண் சிரித்தாள். அவளுக்கு அப்பா என்ன எழுதுகிறார் என்று தெரியவில்லை. ரயில் வந்தது. எல்லாரும் கையாட்டினார்கள். சத்தம் போய் முடியும்வரை இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

இந்தப் புத்தகத்தைப் பற்றி அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை. அதைத்தான் இந்த வாரம் முழுக்க நினைத்து நினைத்து நொந்துகொண்டிருக்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்களே, உங்கள் தமிழ் வகுப்பிலிருந்து யாரும் பாதியில் காணாமல் போகவில்லையா? நீங்கள் 1976 என்றால் அதே முறையில்தான் பிரித்திருப்பார்கள். தொடக்கநிலை மூன்று முடிந்ததும் எத்தனை நாற்காலி காலியாயிற்று? அந்த வாட்ஸ்அப் குழுவில் இத்தனை பேர் இருக்கிறீர்களே, அந்தப் பிள்ளைகளில் ஒருவராவது அதில் இருக்கிறார்களா? யாராவது தேடினீர்களா? இதற்கு எனக்குப் பதில் வேண்டும். தட்டிக்கழிக்காதீர்கள்.

டிராகனை எடுத்துவிடுங்கள். பல் துலக்கியதையும் எடுத்துவிடுங்கள். கைக்குட்டை இருக்கட்டும். ஒரு தாளை எடுத்து உங்கள் தமிழ் அறையைப் படமாகப் போடுங்கள். கதவு எங்கே, பலகை எங்கே, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும், யார் எந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். பெயர் மறந்துபோன இடத்தில் கட்டம் மட்டும் போட்டு வையுங்கள். சார் என்ன சட்டை போடுவார், கோபம் வந்தால் என்ன சொல்வார். உங்கள் வகுப்பறையிலிருந்து அந்த அறைக்கு எத்தனை படி. இதெல்லாம் எழுதி முடித்தபின் எனக்கு அனுப்புங்கள், புத்தகம் போடுவதைப் பற்றி அப்போது பேசலாம்.

மொழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மற்றதை உங்களுக்கு எது வசதியோ அதில் எழுதுங்கள். அந்த அறையைத் தமிழில் எழுதுங்கள். உங்கள் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள் என்றால் கூட்டிப் படிக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

எனக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களாகப் பிடித்து, நேற்று அவன் எண் கிடைத்தது. புத்தகத்தைப் பற்றிச் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டதாம், இப்போது வீட்டில் படித்துக்காட்ட ஆளில்லை என்றான். புத்தகத்தை மறுபடி புரட்டிப் பார்த்தேன். 1963-க்கு முன்னால் அச்சடித்தது. எல்லா லைக்கும் தும்பிக்கை இருக்கிறது.

அன்புடன்,
அக்கா